துறைமுகத்தை விற்கிறார்களா, குத்தகைக்கு விடுகிறார்களா? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கடற்கரைத் திட்டம் எல்லாவற்றுக்கும் இப்போது அரசு-தனியார் கூட்டு என்கிறார்கள். அப்படியென்றால் விற்றுவிடுகிறார்களா, குத்தகைக்கு விடுகிறார்களா? லாபம் வந்தால் யாருக்கு, நஷ்டம் வந்தால் யார் தலையில்? ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற நமக்கு இதில் என்ன இருக்கிறது?"

நான் பல வருடம் துறைமுகங்களில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். குன்னூர் ஏலத்தில் வெளிநாட்டு வியாபாரிக்குப் போகும் தூள், லாரியில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு வழியாகப் பெரும்பாலும் கொச்சிக்குத்தான் போகிறது. கொச்சியில் அது கன்டெய்னரில் கப்பல் ஏறும் இடம் வல்லார்பாடம். அந்த டெர்மினல் அரசு-தனியார் கூட்டில் நடப்பது. அங்கே ஒரு பெட்டியைத் தூக்கி வைக்க என்ன கட்டணம், பெரிய கப்பல் நேராக வருகிறதா அல்லது கொழும்பு போய் மாற்றி ஏற்ற வேண்டுமா என்பதெல்லாம் ஏற்றுமதியாளர் கணக்கில் ஏறும். அவர் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் ஏலத்தில் விலை கேட்பார். கழிந்தது போக மிச்சம்தான் பச்சை இலை விலையாக நம் விவசாயி கைக்கு வருகிறது. அதனால் கடல் நமக்குத் தூரமில்லை.

சரி, விற்பதா குத்தகையா? நம் பெரிய துறைமுகங்களில் நடப்பது குத்தகைதான், அதுவும் கெடு வைத்த குத்தகை. நிலமும் நீர்முகப்பும் துறைமுகத்துக்கே சொந்தம். தனியார் நிறுவனம் சொந்தப் பணமும் வங்கிக் கடனும் போட்டு பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடை) கட்டும், கிரேன் வாங்கி நிறுத்தும், பெரும்பாலும் 30 ஆண்டு நடத்திக் கட்டணம் வசூலிக்கும், கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். பி.ஓ.டி. என்கிறோமே, அது இதுதான். 1996இல் மத்திய அரசு இதற்கு வழிமுறை வகுத்தது. மும்பைக்கு எதிரே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் 1997இல் முதல் கன்டெய்னர் டெர்மினல் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடமே தூத்துக்குடி, 2001இல் சென்னை, 2005இல் கொச்சி என்று வரிசையாக வந்தன. குஜராத்தில் பிபாவாவ் மாதிரி ஒரு முழுத் துறைமுகத்தையே இப்படிக் கொடுத்ததும் உண்டு.

இது ஏதோ புது யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். நம் மலையிலேயே நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் போட 1885இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1891இல் வேலை ஆரம்பித்தது. பாறையும் சரிவும் சேர்ந்து பணத்தை விழுங்க, 1894இல் கம்பெனியைக் கலைக்க வேண்டியதாயிற்று. 1896இல் புதிய கம்பெனி ஒன்று வந்து, முடியாமல் கிடந்ததை வாங்கி, 1899 ஜூனில் குன்னூர் வரை ரயிலை ஓட்டிவிட்டது. 1903இல் அரசு அதை 35 லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. ஊட்டி வரை நீண்டது 1908இல். இன்று எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தப் பாதையில் ஒரு கம்பெனி மூழ்கியிருக்கிறது, இன்னொரு கம்பெனி வேலையை முடித்திருக்கிறது, கடைசியில் பொதுப்பணம் வந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடற்கரைத் திட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரயில் ஞாபகம் வரும். பாறை எவ்வளவு கடினம் என்று தெரியாமல் போட்ட கணக்கு அது. கடலில் பாறைக்குப் பதிலாக மணலும் சேறும்.

இப்போது லாப நஷ்டத்துக்கு வருவோம். துறைமுகத்துக்குத் தனியார் என்ன கொடுக்கிறார் என்பதில் இரண்டு முறைகள் முக்கியம். உங்கள் தொழிற்சாலைக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஏல விலை ஏறினாலும் இறங்கினாலும் கிலோ இலைக்கு இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டால், அது ராயல்டி மாதிரி. ஏலத்தில் போன விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பிரித்துக்கொள்கிறீர்களே, அது வருவாய்ப் பங்கு மாதிரி. முதல் வகையில் விலை விழுந்தால் முழு அடியும் நடத்துபவருக்கு. இரண்டாவதில் அடியும் பங்காகிறது.

தூத்துக்குடியில் போட்டது முதல் வகை. ஒரு பெட்டிக்கு இவ்வளவு ராயல்டி, அது வருடா வருடம் ஏறும் என்று ஏலம் கேட்டு எடுத்தது பி.எஸ்.ஏ. சிக்கால் நிறுவனம். ஒப்பந்தம் 1998இல், 30 ஆண்டுக்கு. ஆனால் பெட்டிக்கு வாடிக்கையாளரிடம் என்ன வாங்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது 1997இல் அமைத்த கட்டண ஆணையத்தின் கையில். கொடுக்க வேண்டியது ஒப்பந்தப்படி ஏறிக்கொண்டே போகிறது, வாங்கக்கூடியதை வேறொருவர் நிர்ணயிக்கிறார். ராயல்டியைச் செலவாகக் காட்டிக் கட்டணத்தில் ஏற்றலாமா கூடாதா என்பதிலேயே தகராறு வந்தது. வழக்கு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. ராயல்டியை விட்டுவிட்டு வருவாய்ப் பங்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் சொன்னது. அதை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. ஒரு தரப்பு சம்மதிக்காதபோது ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. ஏலத்தில் அதிகம் கேட்டவருக்குத்தான் கொடுத்தோம். பிறகு தொகையைக் குறைத்தால், அன்றைக்கு நியாயமாகக் கணக்குப் போட்டுக் குறைவாகக் கேட்டுத் தோற்றவருக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் குறை ஏலம் கேட்டவரிடம் மட்டும் இல்லை. முப்பது வருடம் நிற்க வேண்டிய ஒரு கடதாசியில் கொடுப்பதை ஒருவர் கையிலும் வாங்குவதை இன்னொருவர் கையிலும் விட்ட நாமும் தப்பு செய்தோம். அதன் பிறகு வந்த மாதிரி ஒப்பந்தங்களில் வருவாய்ப் பங்கு வந்தது, 2018இல் டன்னுக்கு இவ்வளவு என்ற முறை வந்தது. 2021இல் புதிய பெரிய துறைமுக ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1963ஆம் வருடச் சட்டம் போனது. மையமாகக் கட்டணம் நிர்ணயிக்கும் பழைய ஏற்பாடும் அதோடு போயிற்று.

கொச்சியில் பங்கு முறைதான். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, சொல்லப்போனால் 33.3 சதவீதம், துறைமுகத்துக்கு என்று துபாய் நிறுவனமான டி.பி. வேர்ல்டு கேட்டு எடுத்தது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். கொழும்புக்குப் போகும் பெட்டிகளை இங்கேயே இழுத்துவிடலாம் என்பது கனவு. வில்லிங்டன் தீவிலிருந்த பழைய டெர்மினலுக்குப் பதிலாக 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் திறந்தது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பெட்டி கையாளும் இடத்தில் முதல் சில வருடங்கள் வந்ததோ மூன்று, மூன்றரை லட்சம். வெளிநாட்டுக் கப்பல் ஓர் இந்தியத் துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு ஏற்றக்கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. அதை 2012இல் தளர்த்தியும் கூட்டம் வரவில்லை.

அங்கேதான் ஒப்பந்தத்தின் இன்னொரு வரி கடிக்க ஆரம்பித்தது. கப்பல் வரும் வழியை 14.5 மீட்டர் ஆழத்தில் வைத்திருப்பது துறைமுகத்தின் பொறுப்பு. கொச்சி காயல் துறைமுகம். ஆறுகள் கொண்டுவரும் சேறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வந்து படியும், ஒவ்வொரு வருடமும் தூர்வார வேண்டும். பெட்டி குறைந்தால் துறைமுகத்தின் பங்கும் குறையும். தூர்வாரும் செலவு மட்டும் குறையாது, சேறு பெட்டியை எண்ணிக்கொண்டு படிவதில்லையே. வருவாயில் மூன்றில் ஒன்று என்று பெருமைப்பட்ட துறைமுகத்தின் நிதிநிலையைப் பல வருடம் அழுத்தியது இந்தத் தூர்வாரும் செலவுதான்.

ஆகவே ஒரு கூட்டுத் திட்டத்தைப் பார்த்தவுடன் எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள் தம்பி. எந்தெந்த இடர் யார் பக்கம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கு வராவிட்டால் யார், சேறு அடைத்தால் யார், புயல் அடித்தால் யார், வட்டி ஏறினால் யார், அரசு விதி மாறினால் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போங்கள். இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் பெயர் போட்டு இடம் இருக்கும். இடமே இல்லாமல் போவது ஒன்று உண்டு, கரையில் இருக்கிற மனிதர்கள்.

வல்லார்பாடத்துக்குச் சாலையும் ரயிலும் போடுவதற்காக 2008 பிப்ரவரி 6ஆம் தேதி கொச்சிப் பக்கத்து மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்து ஆட்களை வெளியேற்றினார்கள். அந்தத் திட்டத்துக்காக மொத்தம் 316 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. பலருக்கு மாற்று மனை கிடைத்து வீடு கட்ட வருடக்கணக்காயிற்று. சிலருக்குக் கிடைத்தது வீடு கட்டத் தாங்காத சதுப்பு நிலம். டெர்மினல் மட்டும் 2011இல் திறந்துவிட்டது. கப்பல் தாமதமானால் ஒப்பந்தத்தில் நாள் கணக்கில் அபராதம் உண்டு. மறுவாழ்வு தாமதமானால் அபராதம் என்று ஒரு வரி எழுத என்ன தடை? என் அப்பா அம்மா 1964 ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் தாளில் கையெழுத்துப் போட, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது அவர்கள். அதனால் ஒப்பந்தத்தில் பேர் இல்லாத மனிதர்களைப் பற்றி என்னால் ஒரு பத்தியோடு நிறுத்த முடியாது.

அடுத்தது மணல். நம் கிழக்குக் கரையில் வருடத்தில் பெரும்பகுதி அலையும் நீரோட்டமும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திருப்பித் தள்ளும். சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே அலைதடுப்புச் சுவர் நீட்டினால் மணல் தெற்குப் பக்கம் சேரும், வடக்குப் பக்கம் கடல் கரையைத் தின்னும். சென்னைத் துறைமுகச் சுவர் கட்டிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அதே சுவரால் வடக்கே ராயபுரம் பக்கம் கரை போய், கல் கொட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தபின் நகரத்துக் கடற்கரையே காணாமல் போனது. 2018இல் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பியது.

மலைக்காரர்களுக்கு இது புரியும். மேல் வளைவில் ஒருவர் ஜேசிபி வைத்து மண் வெட்டுகிறார். பட்டா அவருடையது, அனுமதியும் வாங்கியிருக்கிறார். மழையில் சரிந்தால் விழுவது கீழே இருக்கும் லைன் வீட்டின் மேல். 2009 நவம்பர் மழையைப் பார்த்த யாருக்கும், மண் பட்டா எல்லையைப் பார்த்து நகராது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரை ஒப்பந்தத்திலும் எல்லை என்பது சர்வே எண்தான். தனியாரின் பொறுப்பு அந்தக் கோட்டோடு முடிகிறது, மணல் முடிவதில்லை. கோட்டுக்கு வெளியே வடக்கில் ஐந்தாவது கிராமத்தில் கரை அரித்தால், கல் கொட்டித் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர்) போடுவது அரசு, அதாவது நம் வரிப்பணம். ஓர் ஊரில் தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும், அவர்களும் கேட்பார்கள். வருவாயில் பங்கு போடத் தெரிந்த நமக்கு இந்தச் செலவில் பங்கு போடத் தெரியாமல் இல்லை, அதற்கு இன்னும் மனம் வரவில்லை. எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், முதலில் எல் அண்டு டி நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கி, 2018இல் அதானி குழுமத்துக்குக் கைமாறிய துறைமுகம் இருக்கிறது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்கள் எதிர்ப்பதில் இந்த மணல் பயம் பெரும் பங்கு.

இதைத் தனியாரின் குற்றம் என்று மட்டும் எழுதினால் நியாயமில்லை. நெம்மேலியில் சென்னைக் குடிநீர் வாரியமே சொந்தமாக வைத்திருக்கும் கடல்நீர் ஆலை பக்கத்திலும், சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றிப் புகார் சொன்னார்கள். கல்லை யார் போட்டார் என்று கடல் கேட்பதில்லை.

அந்த ஆலையைச் சொன்னதால், சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் இருக்கும் இன்னொரு கடல்நீர் ஆலையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மாணவர்களுக்கு அரிதாகக் கிடைப்பது. 2010இல் திறந்த மீஞ்சூர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஐ.வி.ஆர்.சி.எல்., பெஃபெசா என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து கட்டி, 25 ஆண்டு நடத்தி, வாரியத்துக்குத் தண்ணீரை விற்கும். ஆரம்ப விலை ஆயிரம் லிட்டருக்கு 48.66 ரூபாய். 2013இல் திறந்த நெம்மேலியும் அதே 10 கோடி லிட்டர். ஆனால் ஆலை வாரியத்தின் சொத்து, கட்டி நடத்தித் தருவதற்கு மட்டும் ஒப்பந்தக்காரர். மீஞ்சூரில் அரசு முதலில் பெரும்பணம் போடவில்லை, அதற்குப் பதிலாக 25 வருடம் தண்ணீருக்கு விலை கொடுக்கிறது. நெம்மேலியில் முதலிலேயே போட்டுவிட்டது.

மீஞ்சூரில் நான் கவனித்துக்கொண்டே இருந்தது வேறு விஷயம். ஐ.வி.ஆர்.சி.எல். 2018இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஆலை தொடங்கிய காலத்தில் பெஃபெசாவின் தாய்க் கம்பெனியாக இருந்த ஸ்பெயினின் அபெங்கோவாவும் கடன் நெருக்கடியில் விழுந்தது. 25 வருட ஒப்பந்தம் அதில் கையெழுத்துப் போட்டவர்களின் ஆயுளைவிட நீளமாக இருக்கலாம். ஆகவே கம்பெனி கைமாறினால், கடன் கொடுத்த வங்கி உள்ளே வந்தால், ஆலை நிற்காமல் ஓட என்ன ஏற்பாடு என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். சலிப்பான பக்கம் அது, ஆனால் கோடையில் குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் அதில் இருக்கிறது.

கடைசியாக, கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கும் விழிஞ்ஞம் துறைமுகம். தனியார் பணம் மட்டும் போட்டால் லாபம் வராது, ஆனால் நாட்டுக்கு வேண்டும் என்கிற திட்டத்துக்கு அரசு மானியமாக ஒரு தொகை போடும். மத்திய அரசு திட்டச் செலவில் 20 சதவீதம் வரை, மாநிலம் இன்னொரு 20 வரை கொடுக்கலாம். இடைவெளி நிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2015 ஆகஸ்டில் அதானி நிறுவனத்தோடு கேரளம் ஒப்பந்தம் போட்டது. மத்திய அரசின் இடைவெளி நிதி 817.80 கோடி ரூபாய். நாட்டில் மற்ற இடங்களில் 30 ஆண்டு வழக்கமாக இருக்க, இங்கே 40 ஆண்டு கொடுத்ததை 2017இல் தணிக்கைத் துறை கேள்வி கேட்டது. அதே வருடம் ஒக்கி புயல் அடித்து அலைதடுப்புச் சுவர் வேலை பின்தங்கியது. 2022இல் கரை அரிப்பையும் வீடு இழப்பையும் முன்வைத்து மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்தது, 2025 மே மாதம் துறைமுகம் முறைப்படி திறந்தது. மத்திய அரசின் பணம் மானியம் என்று பேசப்பட்டாலும், அதற்கு ஈடாக 2034 முதல் வருவாயில் பங்கு கொடுப்பதாக மாநிலம் 2025 ஏப்ரலில் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம், சேற்றுத் தொல்லை குறைவு, சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்தில். கொச்சிக்கு இல்லாத பலம் இது. துறைமுகம் ஜெயிக்கும் என்றே நம்புகிறேன். அதற்காக அந்த 40 வருடக் கேள்வி தப்பாகிவிடாது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. இதையெல்லாம் சாதாரண ஆள் எங்கே பார்ப்பது? துறைமுக ஆணையங்களின் ஒப்பந்தங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். புதுத் திட்டம் என்றால் சுற்றுச்சூழல் பொதுக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். உங்கள் தொழிற்சாலையின் ஏலக் கணக்கைப் புரட்டுகிற அதே பொறுமை போதும், இடர் யார் பக்கம் என்று பென்சிலில் குறித்துக்கொண்டே போகலாம். எந்த ஒப்பந்தத்தின் நகல் கிடைத்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், வரி வரியாக உட்கார்ந்து பார்ப்போம்.